சான்றிதழ் இல்லாத பழைய நாணயத்தை இணையத்தில் வாங்கலாமா? கவனிக்க வேண்டியவை

மும்பை: இணையத்தில் விற்பனைக்கு வரும் பழைய நாணயங்களில் பெரும்பாலானவற்றுக்கு எந்தச் சான்றிதழும் கிடையாது. அதனாலேயே அவை போலி என்று ஒதுக்கிவிட முடியாது. கேட்கப்படும் விலையில் உலோகத்தின் மதிப்பு எவ்வளவு, ‘அரிய காசு’ என்ற பெயருக்காக மட்டும் தரப்படும் தொகை எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதே முதல் வேலை. அந்த இரண்டாவது தொகைதான் வாங்குபவர் இழக்கக்கூடிய பணம்.

1939 ரூபாய் சொல்லும் பாடம்

மும்பை கோட்டைப் பகுதியில் ரிசர்வ் வங்கிக்கு எதிரே உள்ள அரசு நாணயச்சாலையில் அச்சான வெள்ளி ரூபாய் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் உருவம் பொறித்த 1938-ஆம் ஆண்டு ரூபாய் இன்றும் எளிதில் கிடைக்கிறது. அதே அமைப்பில் வந்த 1939-ஆம் ஆண்டு ரூபாய் மிக அரிதானது. சேகரிப்பாளர்கள் அதற்குப் பன்மடங்கு விலை தருகின்றனர். 1940 முதல் ரூபாயில் வெள்ளியின் அளவு பாதியாகக் குறைக்கப்பட்டது.

இந்த விலை வேறுபாடுதான் மோசடிக்கு இடம் தருகிறது. 1938 என்பதில் உள்ள கடைசி இலக்கத்தைச் செதுக்கி 9 ஆக மாற்றிய காசுகள் சந்தையில் உலவுகின்றன. 1939 வரையிலான ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் ஏறத்தாழ 10.7 கிராம் தூய வெள்ளி. ஆண்டு மாற்றப்பட்ட காசும் உண்மையான வெள்ளிக் காசு என்பதால், எடைச் சோதனையிலும் உலோகச் சோதனையிலும் அது தேறிவிடும். அதை 1938 ரூபாயின் விலைக்கு வாங்கியவருக்குப் பெரிய இழப்பு இல்லை. 1939 ரூபாய் என்று நம்பி வாங்கியவரோ, வெள்ளியின் விலை போக மற்ற பணம் முழுவதையும் இழக்கிறார்.

அசல் நாணயச்சாலையிலேயே மறுபடி அச்சிடப்பட்ட காசுகளும் உண்டு. ஆங்கிலேயர் காலத்துக் காசுகள் சில, சேகரிப்பாளர்களுக்காகப் பழைய அச்சுகளைக் கொண்டு பின்னாளில் மீண்டும் வெளியிடப்பட்டன. இவை போலி அல்ல. ஆயினும் முதல் வெளியீட்டின் மதிப்பு இவற்றுக்கு இல்லை. கைப்பேசியில் தெரியும் ஒளிப்படத்தைக் கொண்டு இந்த வேறுபாட்டை அறிவது கடினம்.

சான்றிதழ் என்ன உறுதி தருகிறது?

அமெரிக்காவில் 1986-இல் தொடங்கப்பட்ட பி.சி.ஜி.எஸ்., 1987-இல் தொடங்கப்பட்ட என்.ஜி.சி. ஆகிய இரண்டும் நாணயத் தரமதிப்பீட்டில் பரவலாக அறியப்பட்ட நிறுவனங்கள். இவை காசின் உண்மைத்தன்மையை ஆராய்ந்து, 1 முதல் 70 வரையிலான அளவுகோலில் அதன் நிலையை மதிப்பிட்டு, எண்ணிட்ட பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருகின்றன. விற்பவரே அச்சிட்டுத் தரும் ‘உத்தரவாதச் சீட்டு’ இத்தகைய சான்றிதழ் ஆகாது.

உறையையும் அப்படியே நம்பிவிட முடியாது. போலி உறைகளும் சந்தைக்கு வருகின்றன. உறையில் உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ளிட்டு, அங்கு காட்டப்படும் விவரமும் படமும் கையில் உள்ள காசுடன் பொருந்துகின்றனவா என்று ஒப்பிட வேண்டும்.

சில நூறு ரூபாய் பெறும் காசுக்குச் சான்றிதழ் பெறுவதால் பயனில்லை. மதிப்பீட்டுக் கட்டணமும் அஞ்சல் செலவும் காசின் விலையை விஞ்சிவிடும். சட்டத் தடையும் உண்டு. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டத்தின்படி 100 ஆண்டுகளோ அதற்கு மேலோ பழமையான நாணயம் தொல்பொருளாகக் கருதப்படும். அதைத் தனிநபர் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது.

லட்சங்கள் என்ற வதந்தி

‘கிழக்கிந்திய கம்பெனி, 1818’ என்று பொறிக்கப்பட்டு, ராமர், சீதை, அனுமன் உருவங்களுடன் வரும் செப்புக் காசுகளுக்கு இணையத்தில் லட்சக்கணக்கில் விலை சொல்லப்படுகிறது. இவை கம்பெனி வெளியிட்ட நாணயங்கள் அல்ல. பின்னாளில் உருவாக்கப்பட்ட வில்லைகள். சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் கம்பெனி வெளியிட்ட வராகன் பொற்காசுகளில் திருமால் உருவம் இருந்தது உண்மை. அந்த உண்மையின் நிழலிலேயே இந்தப் பொய்யும் எளிதில் நம்பப்படுகிறது. அரிசியை ஈர்க்கும் சக்தி கொண்ட காசு என்று கூறி நடத்தப்படும் ‘ரைஸ் புல்லிங்’ மோசடியும் இவ்வகையைச் சேர்ந்ததே.

2012-இல் வெளியான, வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த 5 ரூபாய், 10 ரூபாய் காசுகள் குறித்தும் இத்தகைய வதந்தி நெடுங்காலமாக உலவுகிறது. அவை பொதுப் புழக்கத்துக்கு விடப்பட்ட காசுகள்.

பழைய காசை விற்க முன்வருவோரும் ஏமாற்றப்படுகின்றனர். ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்தி, பழைய நாணயங்களையும் நோட்டுகளையும் வாங்குவதாகக் கூறி, கட்டணம், கமிஷன், வரி என்று சிலர் பணம் கேட்பதாக அவ்வங்கி 2021 ஆகஸ்ட் 4 அன்று எச்சரித்தது. இத்தகைய பரிவர்த்தனையில் தான் ஈடுபடுவதில்லை என்றும், தன் பெயரில் கட்டணம் வசூலிக்க எவருக்கும் அதிகாரம் அளிக்கவில்லை என்றும் அது தெளிவுபடுத்தியது.

வாங்கும் முன்

* அந்தக் காசின் அதிகாரபூர்வ எடை, விட்டம், உலோகம் ஆகியவற்றை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். காசைத் தராசில் வைத்த படம், இருபுறப் படங்கள், விளிம்பின் படம் ஆகியவற்றை விற்பவரிடம் கேட்டுப் பெற வேண்டும்.

* விலை உலோக மதிப்பை ஒட்டியிருந்தால் சான்றிதழ் இன்றி வாங்குவதில் ஆபத்து குறைவு. ஆண்டு, அச்சுப்பிழை, நாணயச்சாலைக் குறி ஆகியவற்றைக் காட்டி விலை உயர்த்தப்பட்டால் சான்றிதழ் கேட்பதே முறை.

* குடியரசு இந்தியாவின் காசுகளில் ஆண்டுக்குக் கீழே உள்ள வைரக் குறி மும்பையையும், நட்சத்திரம் ஹைதராபாத்தையும், புள்ளி நொய்டாவையும் குறிக்கும். கொல்கத்தா காசில் குறி இராது. ஆகவே ‘குறி இல்லாத அரிய காசு’ என்ற விளம்பரத்துக்கு மயங்க வேண்டியதில்லை.

* நினைவு நாணயங்களை அரசு நாணயச்சாலைகளே தங்கள் இணையதளம் வழியாக விற்கின்றன. அவற்றுக்கு இடைத்தரகர் தேவையில்லை.

* பொட்டலத்தைப் பிரிப்பதை இடைவெட்டின்றிக் காணொளியாகப் பதிவு செய்வது பின்னர் சான்றாக உதவும்.

அசல் காசுகளைப் பார்த்துப் பழகுவதும் உதவும். மும்பை கோட்டைப் பகுதியில், சர் பி.எம். சாலையில் ரிசர்வ் வங்கியின் நாணய அருங்காட்சியகம் உள்ளது. மாட்டுங்காவில் இருப்போர் மத்திய ரயில் வழித்தடத்திலும், செம்பூரில் இருப்போர் துறைமுக வழித்தடத்திலும், தாராவியில் இருப்போர் அருகிலுள்ள சயான் நிலையத்திலிருந்தும் சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்தை அடைந்து அங்கு செல்லலாம்.

ஏமாற்றப்பட்டால்

2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் கூறியதற்கு மாறான பொருளையோ போலிப் பொருளையோ திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்க முடியாது. ஆனால் வணிகமாக அன்றி, எப்போதாவது தம் சொந்தப் பொருளை விற்கும் தனிநபருக்கு இவ்விதிகள் பொருந்தா. எனவே சமூக ஊடகத்தில் அறிமுகமாகும் ஒருவருக்கு முன்பணம் அனுப்புவதே மிகுந்த ஆபத்துடையது.

பணம் மோசடியாகப் பறிக்கப்பட்டால் தாமதமின்றி 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். விரைந்து புகார் அளித்தால், பணம் கைமாறும் முன் அதை முடக்கும் வாய்ப்பு கூடும். பொருள் குறித்த நுகர்வோர் புகார்களுக்கு 1915 என்ற எண் உள்ளது.