டேவிட் பிரவுன்: லத்தீன் ராக்கின் அடிநாதம்

லத்தீன் ராக் என்றதும் கார்லோஸ் சந்தானாவின் கிட்டார்தான் நினைவுக்கு வரும். அந்தக் கிட்டார் தடையின்றிச் சஞ்சரிக்கத் துணைநின்ற பேஸ் கிட்டார் கலைஞர் டேவிட் பிரவுனும் அவ்விசையை உருவாக்கியவர்களுள் ஒருவர். இதை உரக்கச் சொல்ல வேண்டிய கடமை நமக்கு உண்டு.

1947 பிப்ரவரி 15 அன்று பிறந்த பிரவுன், 1967இல் சான் பிரான்சிஸ்கோவின் சந்தானா குழுவில் சேர்ந்தார். ப்ளூஸ் இசையில் தொடங்கிய அக்குழுவுக்குள் ஆப்பிரிக்க-கியூபத் தாளங்கள் புகுந்தபோது சிக்கலும் உடன் வந்தது. மைக் கராபெல்லோவின் கொங்கா, சேப்பிட்டோ அரேயாஸின் டிம்பாலே, மைக்கேல் ஷ்ரீவின் டிரம்ஸ் என மூன்று தாளக் கலைஞர்கள் ஒரே மேடையில் வாசித்தனர். பேஸும் அதிகம் பேசினால் இசை இரைச்சலாகிவிடும். அதனால் பிரவுன் சிறு இசைத்தொடர்களை எடுத்து, அவற்றையே பிடிவாதமாகத் திரும்பத் திரும்ப வாசித்தார்.

கியூப நடன இசையில் பேஸ் பெரும்பாலும் முதல் அடியில் விழாது. சற்று முன்பே ஒலித்துவிட்டு அவ்வடியை வெறுமையாக விடும். நம் சங்கீதத்தின் அதீத எடுப்பை அறிந்தவருக்கு இந்தச் சுவை புரியும். டிட்டோ புவென்ட்டேயின் ‘ஓயே கோமோ வா’வைச் சந்தானா குழு வாசித்த பதிவைக் கேளுங்கள். பாடலின் பெரும்பகுதிக்கு இரண்டே கார்டுகள் (சுரக்கூட்டுகள்). ஆர்கனும் பேஸும் சேர்ந்து நடத்தும் ஒரு சிறு சுழற்சி. அந்தச் சுழற்சி உறுதியாக நிற்பதால்தான் கிட்டார் அத்தனை நிதானமாகப் பாடுகிறது.

1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக் இசைவிழாவில் மேடையேறியபோது குழுவின் முதல் இசைத்தட்டுகூட வெளிவந்திருக்கவில்லை. அங்கு வாசித்த ‘சோல் சாக்ரிஃபைஸ்’, மறு ஆண்டு வந்த அவ்விழாவின் திரைப்படம் வழியே உலகெங்கும் பரவியது. 1970இல் ‘அப்ராக்ஸாஸ்’, 1971இல் மூன்றாம் இசைத்தட்டு. இரண்டுமே அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றன.

1971இல் விலகிய பிரவுன், 1974இல் ‘போர்போலெட்டா’ இசைத்தட்டுக்குத் திரும்பினார்; 1976இல் ‘அமிகோஸ்’ இசைத்தட்டிலும் வாசித்தார். குழுவின் ‘யூரோப்பா’ இசை இடம்பெற்ற இசைத்தட்டு அது. 1998இல் ராக் அண்ட் ரோல் புகழ்மன்றம் குழுவினரோடு அவரையும் சேர்த்துக்கொண்டது. 2000 செப்டம்பர் 4 அன்று, 53ஆம் வயதில் மறைந்தார்.

லத்தீன் ராக்கின் இலக்கணத்தை வகுத்த முதல் மூன்று இசைத்தட்டுகளிலும் பிரவுனின் கை இருக்கிறது. இரு இசை மரபுகளை ஒரே நடையில் நடக்கவைத்த அவரது அடக்கமே அவரது மேதைமை. அந்த வரலாற்றைச் சொல்லும்போதெல்லாம் சந்தானாவின் பெயரோடு பிரவுனின் பெயரையும் சொல்வதே நியாயம்.