மரக்காரம்மா

நியூயார்க் நகரில் தெருவோர மரத்தின் சிறு கிளையை வெட்டுவதென்றாலும் அனுமதி வேண்டும். வகுப்பில் உட்கார்ந்து, தேர்வு எழுதித் தேறினால் 'சிட்டிசன் புரூனர்' என்று ஓர் அட்டை தருகிறார்கள். என்னிடம் அது இருக்கிறது. தரையில் நின்றபடி கைக்கு எட்டுவதை வெட்டலாம். ஏணி வைக்கக் கூடாது. வாரநாட்களில் கணக்குத் தணிக்கை வேலை, சனிக்கிழமை காலையில் கைரம்பமும் கத்தரியுமாகப் புரூக்ளின் தெருக்கள் என்று என் பிழைப்பு ஓடுகிறது. சென்னையிலிருந்து வந்திருந்த மாமியார், "கிளை வெட்டக்கூடவா பரீட்சை வைக்கிறாங்க?" என்று கேட்டுவிட்டு, ஃபோனில் பேசிய உறவினர் எல்லோரிடமும் அதையே சொல்லிச் சிரித்தார்.

அந்த வகுப்பில்தான் ஹாட்டி கார்த்தன் என்ற பெயரைக் கேட்டேன். பயிற்றுநர் போகிற போக்கில் சொல்லிவிட்டு வேர்களைப் பற்றிப் பேசப் போய்விட்டார். எனக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அவரைப் பற்றிச் சொல்லும் முன் ஒரு வரைபடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெருமந்தக் காலத்தில், 1933-ல், வீட்டுக் கடனில் மூழ்கியவர்களைக் கைதூக்கிவிட அமெரிக்க அரசு 'ஹோம் ஓனர்ஸ் லோன் கார்ப்பரேஷன்' என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. 200-க்கும் மேற்பட்ட நகரங்களை அது பேட்டை பேட்டையாகப் பிரித்து மதிப்பெண் போட்டது. 'ஏ' என்றால் பச்சை, 'பி' நீலம், 'சி' மஞ்சள், 'டி' சிவப்பு. கறுப்பர்கள் குடியிருக்கிறார்கள் என்பதே மதிப்பைக் குறைக்கப் போதுமான காரணமாக எழுதி வைத்தார்கள். புரூக்ளினில் பெட்ஃபோர்ட்-ஸ்டைவசன்ட் பேட்டைக்குச் சிவப்பு விழுந்தது. அந்த வரைபடம்தான் எல்லாக் கேட்டுக்கும் வேர் என்று சொன்னால் மிகை. அது வருவதற்கு முன்பும் வங்கிகள் கறுப்பர்களுக்குக் கடன் கொடுத்துவிடவில்லை. ஆனால் ஊரறிந்த பாரபட்சத்துக்கு அரசாங்கம் வண்ணம் தீட்டி, கோப்பில் போட்டு, முத்திரை குத்திய காரியம் அது.

கடன் வராத தெருவில் வீட்டுக்குச் சுண்ணாம்பும் ஏறாது. நடைபாதையில் பட்ட மரத்துக்குப் பதில் மரமும் வராது. 2021-ல் 37 நகரங்களை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், அன்று 'ஏ' வாங்கிய பகுதிகளில் மர நிழல் சராசரியாக 43 சதவீதம், 'டி' வாங்கிய இடங்களில் 23 சதவீதம். அதற்கு முந்தைய ஆண்டு 108 நகரங்களின் வெப்பத்தை அளந்த ஆய்வில் 94 சதவீத நகரங்களில் சிவப்புப் பேட்டைகள்தான் அதிகம் கொதித்தன. எண்பது ஆண்டுக்கு முந்தைய மையை இன்றும் வெப்பமானியில் படிக்க முடிகிறது.

ஹாட்டி கார்த்தன் 1900-ல் வர்ஜீனியா மாநிலத்தின் போர்ட்ஸ்மத் ஊரில் பிறந்தவர். தெற்கிலிருந்து வடக்கே பிழைக்க வந்த லட்சக்கணக்கான கறுப்பர்களில் ஒருவர். பெட்ஃபோர்ட்-ஸ்டைவசன்டின் வெர்னன் அவென்யூவில் குடியிருந்தார். பழுப்புக்கல் முகப்பும் உயர்ந்த படிக்கட்டும் வைத்த நல்ல வீடுகள் அங்கே வரிசையாக நிற்கும். அவற்றுக்கு முன்னால் நின்ற மரங்கள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போய், விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டன. 1964 ஜூலையில் ஹார்லெமிலும் இந்தப் பேட்டையிலும் கலவரம் வெடித்தது. வசதி இருந்தவர்கள் வீட்டை விற்றுக் கிளம்பினார்கள். அதே ஆண்டில், அறுபதைக் கடந்த இந்த அம்மாள் அண்டை வீட்டாருக்கு அஞ்சலட்டை போட்டார்: வாருங்கள், நம் தெருவைப் பற்றிப் பேசுவோம் என்று. வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களை வைத்தே சங்கம் தொடங்கினார். டாம்ப்கின்ஸ், த்ரூப் என்ற இரு குறுக்குத் தெருக்களின் முதல் ஆங்கில எழுத்தை எடுத்து 'டி அண்டு டி வெர்னன் அவென்யூ பிளாக் அசோசியேஷன்' என்று அதற்குப் பெயர்.

மரம் வாங்கப் பணம்? தெருவில் அடுப்பு மூட்டி, இறைச்சி சுட்டு விற்றார்கள். விருந்துக்கு மேயர் ஜான் லிண்ட்சேவையும் அழைத்தார்கள். அவரும் வந்து நின்றார். அதன் பின் பூங்காத் துறை ஒரு கணக்குக்கு இறங்கி வந்தது: மக்கள் நான்கு மரம் வாங்கினால் நகரம் ஆறு மரம் தரும். தணிக்கைக்காரிக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடித்திருக்கிறது. முழுவதும் இனாமாக வந்தால் கேட்பாரில்லாமல் போகும்; முழுவதும் நீயே வாங்கு என்றால் ஏழைத் தெருவுக்குக் கட்டுப்படியாகாது. நான்குக்கு ஆறு என்பதில் உரிமையும் இருக்கிறது, வரிப்பணத்தின் பொறுப்பும் இருக்கிறது.

1966-ல் கார்த்தன் பேட்டை முழுவதற்குமான அழகுபடுத்தும் குழுவுக்குத் தலைமை ஏற்றார். கிங்கோ, சிக்கமோர், ஹனி லோகஸ்ட் என்று 1,500-க்கும் மேற்பட்ட மரங்கள் நடப்பட்டன. 1971-ல் பேட்டைச் சிறுவர்களைச் சேர்த்து 'ட்ரீ கோர்' அமைத்தார். நட்டுவிட்டுப் புகைப்படத்தோடு போய்விடுவது எளிது. அவர் பிள்ளைகளுக்குப் பராமரிப்பைக் கற்றுக்கொடுத்தார். அது என்ன பெரிய வித்தை என்று கேட்பவர்கள் நியூயார்க் நடைபாதை மரத்தின் குழியை ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும். ஐந்தடிக்கு ஐந்தடிச் சதுரம். பனிக்காலத்தில் தெருவில் கொட்டிய உப்பு, நாய் மூத்திரம், சிகரெட் துண்டு, காப்பிக் கோப்பை மூடி, நடந்து நடந்து சிமென்ட்டாகிப்போன மண். மூன்று விரல் மண்வாரியால் கிளறினால் முதலில் சத்தம்தான் வரும், மண் வராது. வேரைக் கிழிக்காமல் மேல்மண்ணை மட்டும் பொலபொலப்பாக்கி, மரச்சீவல் போட்டு மூடி, அதையும் அடிமரத்தில் ஒட்டாமல் தள்ளிப் பரப்ப வேண்டும். புதிதாக நட்ட மரம் கோடையில் வாரம் 20 கேலன், ஏறத்தாழ 75 லிட்டர், தண்ணீர் குடிக்கும். யார் ஊற்றுவது என்பதில்தான் ஒரு திட்டம் பிழைப்பதும் சாவதும்.

ஹாட்டி கார்த்தனை ஊர் அறிய வைத்தது ஒரே ஒரு மரம். லஃபாயெட் அவென்யூவில் நிற்கும் மக்னோலியா கிராண்டிஃப்ளோரா. நம் செண்பகத்துக்கு உறவுக்காரி. பளபளக்கும் கெட்டி இலை, தட்டு அகலத்துக்கு வெள்ளைப் பூ. தென் மாநிலங்களின் மரம், நியூயார்க் குளிரில் பிழைப்பது அரிது. 1885 வாக்கில் வில்லியம் லெம்கென் என்பவர் வட கரோலினாவிலிருந்து கன்றாக வரவழைத்து வீட்டு முன்னால் வைத்தார். முதுகுப்புறம் நின்ற வீடுகள் வடக்குக் காற்றைத் தடுத்துச் சூட்டைத் தேக்கியதால் அது பிழைத்தது. நகர்ப் புதுப்பித்தல் திட்டத்தில் அந்த வீடுகளை இடிக்கப் போகிறார்கள் என்றதும், வீடு போனால் மரமும் போகும் என்று கண்டுகொண்டு கார்த்தன் போராட்டத்தில் இறங்கினார். வந்து குடியேறிய தெற்கத்தி அம்மாளும் வந்து வேர்விட்ட தெற்கத்தி மரமும். 1970-ல் அம்மரம் நகரின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1972-ல் கார்த்தன் 'மக்னோலியா ட்ரீ எர்த் சென்டர்' என்ற அமைப்பைத் தொடங்கினார். பின்னால் இருந்த 677, 678, 679 எண் வீடுகளும் 1977-ல் சின்னமாயின. நகரின் ஃப்ளஷிங் பகுதியில் இதே தகுதி பெற்றிருந்த பீச் மரம் 1998-ல் பட்டுப்போனது. இன்று நியூயார்க்கில் சின்னம் என்ற பட்டத்தோடு உயிருடன் நிற்பது இந்த மக்னோலியா மட்டுமே. கார்த்தன் 1984-ல் காலமானார். 'ட்ரீ லேடி' என்று சொன்னால் பேட்டையின் மூத்தவர்களுக்கு இன்றும் விளங்கும்.

'சூழல் நீதி' என்ற பெயரில் சட்டமும் கொள்கையும் அவர் தொடங்கிய வேலைக்குப் பிறகே வந்தன. 1982-ல் வட கரோலினாவின் வாரன் கவுன்டியில் நச்சுக்கழிவைக் கொட்ட வந்த லாரிகளுக்கு முன் கறுப்பர்கள் படுத்து மறித்தார்கள். 1988-ல் மேற்கு ஹார்லெமில் கழிவுநீர் நிலையத்தின் நாற்றத்தை எதிர்த்து 'வீ ஆக்ட்' அமைப்பு உருவானது. 1994-ல் அதிபர் கிளின்டன் இதற்கென நிர்வாக ஆணை பிறப்பித்தார். நியூயார்க் 2007-ல் பத்து லட்சம் மரத் திட்டத்தைத் தொடங்கியபோது, ஆஸ்துமா மிகுந்து மரம் குறைந்திருந்த ஹன்ட்ஸ் பாயின்ட், ஈஸ்ட் நியூயார்க் போன்ற ஆறு பகுதிகளுக்கு முன்னுரிமை கொடுத்தது. நல்ல காரியம்தான்.

ஆனால் கேட்காமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு டெட்ராய்ட் சாட்சி. 2011 முதல் 2014 வரை அங்கே வீட்டு முன் இலவசமாக மரம் நட வந்தபோது, ஏறத்தாழ நான்கில் ஒருவர் வேண்டாம் என்றார். மரத்தின் மீது வெறுப்பில்லை. பழைய மரங்களை நகராட்சி வெட்டிப்போட்ட நினைவு. பட்ட மரம் வீட்டில் விழுந்தாலும் யாரும் வரமாட்டார்கள் என்ற அனுபவம். என்ன மரம் என்றுகூட எங்களைக் கேட்கவில்லையே என்ற கோபம். அஞ்சலட்டை போட்டுக் கூப்பிட்ட அம்மாளுக்குத் தெரிந்தது, நிபுணர்களுக்கு ஆய்வு எழுதித் தெரியவேண்டியிருந்தது.

இன்னொரு கசப்பும் உண்டு. நிழல் வந்த தெருவுக்கு வாடகையும் ஏறுகிறது. 2010-க்கும் 2020-க்கும் இடையில் மட்டும் பெட்ஃபோர்ட்-ஸ்டைவசன்டில் கறுப்பர் தொகை 22,000 அளவுக்குக் குறைந்தது. மரம் மட்டுமா காரணம் என்றால் இல்லை. ஆனால் வாடகைப் பாதுகாப்பு இல்லாமல் மரம் மட்டும் நடுவது பாதி நீதிதான் என்பது என் முடிவு.

மேலிருந்து வந்தது மேலேயே போய்விடும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2022-ல் நகர மரங்களுக்கென மத்திய அரசு 150 கோடி டாலர் ஒதுக்கியது. 2025 ஜனவரியில் புதிய அதிபர் கிளின்டன் ஆணையை ரத்து செய்தார். அடுத்த மாதமே ஆர்பர் டே அறக்கட்டளைக்குத் தந்திருந்த 7.5 கோடி டாலர் ஒப்பந்தம் முறிக்கப்பட்டது. நகர அளவில் நிலைமை தேவலை: மர அமைப்புகள் விடாமல் தட்டியதில், நகரத்தின் நிழலை 30 சதவீதமாக உயர்த்தத் திட்டம் வகுக்க வேண்டும் என்று 2023-ல் நகரமன்றம் சட்டம் இயற்றியது. இங்கே ஒவ்வொரு கோடையிலும் வெப்பத்தால் 500-க்கும் மேற்பட்டோர் சாகிறார்கள். வெப்ப நோயால் கறுப்பர் சாகும் விகிதம் வெள்ளையரைவிட இரு மடங்கு. அந்தச் சட்டம் செயலுக்கு வருகிறதா என்பதை நகரின் வரவுசெலவுத் திட்டத்தில் ஆண்டுதோறும் பார்த்துவர வேண்டும்.

நியூயார்க்குக்கு வரும் தமிழர்கள் லிபர்ட்டி சிலையோடு திரும்பிவிடாதீர்கள். ஜி ரயிலில் பெட்ஃபோர்ட்-நாஸ்ட்ராண்ட் நிலையத்தில் இறங்கி, லஃபாயெட் அவென்யூவில் கிழக்கே நடங்கள். வழியில் மார்சி அவென்யூ முனையில் கார்த்தன் பெயரில் ஒரு சமூகத் தோட்டம் இருக்கிறது. அதைத் தாண்டி, ஹெர்பர்ட் வான் கிங் பூங்காவுக்கு எதிரே மக்னோலியா நிற்கிறது. ஜூனில் வந்தால் பூத்திருக்கும்.