மாதக்கணக்கில் ஊர் சுற்றப் போறீங்களா? பெண்கள் 7 கிலோ பையோடு பயணிப்பது எப்படி? முழு விவரம்

தனியாக ரயிலில் போகும் பெண்ணுக்கு முதல் சிக்கல் எங்கே வரும் தெரியுமா? வண்டி கிளம்பி இரண்டு மணி நேரம் கழித்து, பாத்ரூம் போக எழுந்திருக்கும்போது. சீட்டுக்கு அடியில் பெரிய டிராலி இருக்கிறது. தூக்கிக்கொண்டு போகவும் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் பயம். எதிர் சீட்டில் இருப்பவரிடம் "கொஞ்சம் பையைப் பாத்துக்கோங்க"ன்னு சொல்லிட்டுத்தான் போகணும். அவர் யாரென்றே தெரியாது. சொல்ல மனசு வராதவர்கள், தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டு அடக்கி உட்கார்ந்திருப்பார்கள்.

நான்கு நாள் டூர் என்றால் இதைச் சமாளித்துவிடலாம். ஸ்லீப்பர் கோச், அரசுப் பேருந்து, டார்மெட்ரி என்று குறைந்த செலவில் இரண்டு மாதம் சுற்றும்போது இது தினமும் வரும் பிரச்சினை. அதனால்தான் தனியாகப் போகும் பெண்ணுக்குப் பையின் எடை, பாதுகாப்போடு சேர்ந்த விஷயமாகிவிடுகிறது.

பிப்ரவரியில் சென்னையில் கிளம்பி வாரணாசி, ரிஷிகேஷ், அமிர்தசரஸ், தர்மசாலா என இரண்டு மாதம் சுற்றப் போகும் ஒரு பெண் எதை எடுத்துக்கொள்ளலாம், எதை வீட்டிலேயே விடலாம்? வாங்க, பார்க்கலாம்.

எத்தனை கிலோ இருக்கலாம்?

ரயில்வே விதிப்படி ஸ்லீப்பர் வகுப்பில் 40 கிலோ, இரண்டாம் வகுப்பில் 35 கிலோ வரை கூடுதல் கட்டணம் இல்லாமல் கொண்டு போகலாம். ஆனால் அது ரயில் தாங்கும் கணக்கு, நம் தோள் தாங்கும் கணக்கு இல்லை. உள்நாட்டு விமானத்தில் எகானமி வகுப்புக்குக் கைப்பை அளவு பொதுவாக 7 கிலோ. அதையே இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் அவசரமாக விமானத்தில் திரும்ப வேண்டி வந்தாலும் கவலை இருக்காது.

உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது பையைச் சுமந்து நடப்பவர்கள் வைத்திருக்கும் எளிய கணக்கு. 60 கிலோ எடை உள்ளவர் என்றால் 6 கிலோ. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலே ஒரு கிலோ என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே மூன்று சோதனைகள்:

1. பையை மாட்டிக்கொண்டு இரண்டு மாடி ஏறி இறங்குங்கள். நடுவில் நிற்கக் கூடாது. ஸ்டேஷன் மேம்பாலத்தில் இதைத்தான் செய்யப் போகிறீர்கள்.
2. யார் உதவியும் இல்லாமல் தலைக்கு மேல் உள்ள பரணில் பையை வையுங்கள், எடுங்கள். அப்பர் பெர்த்துக்கு இதுதான் ஒத்திகை.
3. பையோடு பாத்ரூமுக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டுப் பாருங்கள். முடிந்தால் நீங்கள் பாஸ்.

எந்த மாதிரிப் பை வாங்கணும்?

35 முதல் 40 லிட்டர் பேக்பேக் போதும். பை பெரிதாக இருந்தால், இடம் இருக்கிறதே என்று நாமே நிரப்பிவிடுவோம். வாரணாசியின் படித்துறைகளிலும் சந்துகளிலும், தர்மசாலாவின் ஏற்றப் பாதைகளிலும் சக்கரம் வைத்த பெட்டியைத் தூக்கித்தான் நடக்க வேண்டியிருக்கும்.

பெண்களுக்கென்று வரும் பைகளில் முதுகு நீளம் குறைவாகவும், தோள்பட்டை வார் குறுகலாகவும் இருக்கும். உயரம் குறைந்தவர்களுக்கு இது பெரிய வித்தியாசம். இடுப்பில் கட்டும் பெல்ட் கட்டாயம் இருக்கணும். எடை தோளில் தொங்காமல் இடுப்பில் உட்கார்ந்தால்தான் மறுநாள் கழுத்து வலிக்காது. கடையில் வெறும் பையை மாட்டிப் பார்க்காமல், உள்ளே கனமாக எதையாவது வைத்து மாட்டிப் பாருங்கள்.

இதோடு குறுக்கே மாட்டும் சின்னப் பை ஒன்று. பணம், போன், அடையாள அட்டை, அன்றைக்கு வேண்டிய மாத்திரை எல்லாம் இதில். தூங்கும்போதும் இது உடம்பிலேயே இருக்க வேண்டும்.

60 நாளுக்கு எத்தனை செட் துணி?

ஒரு வாரத்துக்கு எடுத்தால் போதும். ஆறு மாதம் போனாலும் இதே கணக்குதான், துவைத்துத் துவைத்துப் போட வேண்டியதுதான்.

• குர்தி அல்லது டாப் 4, பேன்ட் அல்லது லெகின்ஸ் 3
• படுக்கும்போது போட ஒரு டி-ஷர்ட், ஒரு பைஜாமா. நைட்டி வேண்டாம். டார்மெட்ரியில் பலரோடு தங்கும்போதும், ரயிலில் மேல் பெர்த் ஏறும்போதும் வசதிப்படாது
• உள்ளாடை 5 அல்லது 6, பிரா 3
• சாக்ஸ் 2 ஜோடி, ஷூ போட்டுக்கொண்டு கிளம்புங்கள், பையில் ஒரு ரப்பர் செருப்பு
• பெரிய காட்டன் துப்பட்டா 1
• ஈரிழைத் துண்டு 1

ஜீன்ஸ் கனம், நனைந்தால் காய ஒரு நாளுக்கு மேல் ஆகும். டர்க்கி டவலும் அப்படித்தான். நம்ம ஊர் ஈரிழைத் துண்டு மடித்தால் கையளவு, வெயில் கண்டால் சீக்கிரம் காய்ந்துவிடும்.

துப்பட்டாவை அலங்காரப் பொருளாக நினைக்காதீர்கள். ரயிலில் போர்வை, டார்மெட்ரி கீழ்க்கட்டிலில் திரை, வெயிலில் முக்காடு. அமிர்தசரஸ் பொற்கோயில் உட்பட எந்தக் குருத்வாராவுக்குள் போனாலும் தலையை மூட வேண்டும், அங்கேயும் இதுவே போதும். பழைய வாயில் சேலையைப் பாதியாக வெட்டி எடுத்துக்கொண்டால் பெட்ஷீட் கவலையும் தீர்ந்தது.

குளிருக்கு என்ன செய்வது?

பிப்ரவரியில் வட இந்தியாவில் இரவுகள் குளிரும், தர்மசாலாவில் இன்னும் அதிகம். அதற்காக ஒரு தடித்த ஸ்வெட்டரைச் சென்னையிலிருந்தே சுமக்க வேண்டாம். உடலோடு ஒட்டும் தெர்மல் ஒரு செட், மேலே ஒரு மெல்லிய ஃபிளீஸ், அதற்கு மேல் காற்றும் மழையும் புகாத லேசான ஜாக்கெட். மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் ஒரு கனமான கோட்டுக்குச் சமம். போதவில்லை என்றால் மலை ஊர்க் கடைகளிலேயே கம்பளித் துணி கிடைக்கும். தேவை முடிந்ததும் தபால் நிலையத்தில் பார்சல் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

உள்ளாடையை எங்கே காயப்போடுவது?

பல பெண்கள் வெளியே சொல்லாத பிரச்சினை இது. பொது மாடியில் காயப்போடக் கூச்சப்பட்டு, அறைக்குள் மறைவாகப் போட்டு, ஈரம் போகாமலேயே உடுத்திக்கொள்கிறார்கள். அரிப்பும் படையும் வருவது அப்படித்தான். துவைத்ததும் துண்டுக்குள் வைத்துச் சுருட்டி இறுக்கி முறுக்குங்கள். பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். பிறகு மெல்லிய நைலான் கயிறு கட்டி, காற்றுப் படும் இடத்தில் காயப்போடுங்கள். கூச்சமாக இருந்தால் மேலே துப்பட்டாவை லேசாகப் போட்டு மூடலாம்.

மாதவிடாய் நாட்களுக்கு?

இரண்டு மாதத்துக்கும் சேர்த்து நாப்கின் வாங்கி அடைக்க வேண்டாம். ஒரு சுழற்சிக்கு மட்டும் போதும். நாப்கின் சின்ன ஊர் மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்கும்.

மென்ஸ்ட்ருவல் கப் பயன்படுத்துபவர்களுக்கு இடம் இன்னும் மிச்சம். அதிகபட்சம் 12 மணி நேரம் வரை வைத்துக்கொள்ளலாம். ரயில் ஏறும் முன் கழுவி வைத்துக்கொண்டால் பல பயணங்களில் நடுவில் மாற்றவே வேண்டியிருக்காது. ஆனால் பழக்கம் இல்லாதவர்கள் பயணத்தில் முதன்முதலாக முயல வேண்டாம். வீட்டில் இரண்டு மூன்று மாதம் பழகிய பிறகு எடுத்துப் போங்கள்.

நாப்கினைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைத்தொட்டியில்தான் போட வேண்டும். ரயில் பயோ டாய்லெட்டில் போட்டால் அடைத்துக்கொள்ளும்.

தண்ணீர் குடிக்காமல் இருப்பது தீர்வு இல்லை. சிறுநீரை அடக்குவதும் தண்ணீரைக் குறைப்பதும் சிறுநீர்த் தொற்றுக்கு வழி. பேப்பர் சோப், கொஞ்சம் டிஷ்யூ, நின்றபடி சிறுநீர் கழிக்க உதவும் புனல் ஆகிய மூன்றும் சேர்ந்தாலும் எடை தெரியாது. சுத்தமில்லாத கழிப்பறைகளில் உட்காராமல் சமாளிக்கலாம்.

மருந்து, போன், ஆவணம்

தினமும் சாப்பிடும் தைராய்டு, சர்க்கரை மாத்திரைகளை மட்டும் முழு நாட்களுக்கும் எடுத்துக்கொள்ளுங்கள், டாக்டர் சீட்டோடு. மற்றபடி பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், பிளாஸ்திரி போதும்.

பவர் பேங்க் 10,000 எம்ஏஎச் அளவே தாராளம். விமானத்தில் போனால் அது கைப்பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன் லக்கேஜில் வைக்கக் கூடாது. பெப்பர் ஸ்பிரேயைக் கைப்பையில் அனுமதிக்க மாட்டார்கள்.

டிஜிலாக்கரில் ஆதார் இருந்தாலும் ஒரு அசல் அடையாள அட்டையும் இரண்டு ஜெராக்ஸும் வேண்டும். சார்ஜ் தீர்ந்த போன் யாருக்கும் அடையாளம் காட்டாது. பணத்தை இரண்டு இடத்தில் பிரித்து வையுங்கள்.

ஒரு சின்ன நம்பர் பூட்டு கட்டாயம். டார்மெட்ரி லாக்கருக்கு வேண்டும். ரயில் நிலைய கிளாக் ரூமிலும் பூட்டிய பையைத்தான் வாங்குவார்கள்.

வீட்டிலேயே விட வேண்டியவை

தங்க நகை, ஹேர் டிரையர், பெரிய ஷாம்பு பாட்டில், மேக்கப் பெட்டி, இரண்டாவது ஷூ, 'ஒருவேளை தேவைப்படும்' என்று எடுத்து வைத்த எல்லாமும். அம்மா கட்டித்தரும் பருப்புப் பொடிக்கு மட்டும் 200 கிராம் ஒதுக்கலாம். வேண்டாம்னு சொன்னா கேக்கவா போறாங்க?

சந்தேகம் வந்தால் ஒரே கேள்வி: போகும் ஊரில் இது 200 ரூபாய்க்குள் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் எடுக்காதீர்கள்.

கடைசியாக, இந்த எண்களைப் போனிலும் ஒரு துண்டுச் சீட்டிலும் எழுதி வையுங்கள்: அவசர உதவிக்கு 112, ரயிலில் உதவிக்கு 139, பெண்கள் உதவி மையம் 181.

இத்தனையும் செய்த பிறகு, அதே ரயிலில், அதே இரண்டு மணி நேரம் கழித்து எழுந்திருக்கிறீர்கள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பையை மாட்டிக்கொண்டு போகிறீர்கள், திரும்பி வந்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தாகம் தீரத் தண்ணீர் குடிக்கிறீர்கள்.