காண்டா

மலாக்கா ரப்பர் தோட்டங்களில் பால் சுமந்த வாளிக்குக் காண்டா வாளி என்று பெயர். தாங்கும் தோள்கம்பு காண்டாக் கம்பு. இரு வாளியும் ஒத்த எடையாக இல்லாவிட்டால் கம்பு சாய்ந்து பால் சிந்திவிடும். மலாயில் ‘கண்டார்’ என்றால் கம்பின் இரு முனையிலும் பாரம் தொங்கவிட்டுத் தோளில் சுமப்பது. நாசி கண்டார் என்ற உணவின் பெயரில் இருப்பதும் அதே சொல்தான்.

1896இல் மலாக்கா வணிகர் டான் சாய் யான் அங்குள்ள புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார், தோட்டங்கள் பெருகின. அங்கே பால் சுமந்த நம்மவர் வாயில் ‘கண்டார்’ என்பதன் ‘ர்’ உதிர்ந்து முதலெழுத்து நீண்டது. இத்தனைக்கும் இப்படிச் சுமக்கும் கம்புக்கென்றே ‘கா’ என்ற பழந்தமிழ்ச் சொல் உண்டு. காவடியில் இருப்பது அதுதான்.

அகராதிக்காரர்களே, காண்டாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.