தோட்டாவின் வேகத்தை முதலில் அளந்தவர், நம்ம பக்கத்து ஊர்ல செத்துப்போன கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னிக்கு கதை ஒரு சண்டையில ஆரம்பிக்குது. பெரிய சண்டை இல்ல, ரெண்டு நண்பர்களோட வாய்ச்சண்டை. ரெண்டு பேர்கிட்டயும் ஏர் பிஸ்டல் இருக்கு. பார்க்க அசல் துப்பாக்கி மாதிரியே இருக்கிற மாடல், உள்ளே சின்ன கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர். ஒருத்தன் பெட்டியில "நொடிக்கு 120 மீட்டர்"னு போட்டிருக்கு, இன்னொருத்தன் பெட்டியில 130. "என்னுதுதான் ஃபாஸ்ட்"னு அவன் சொல்ல, "பெட்டியில போட்டா ஆச்சா, அளந்து பார்த்தியா?"னு இவன் கேட்க, நான் நடுவுல உட்கார்ந்து வேற ஒண்ணு யோசிச்சிட்டு இருந்தேன். கண்ணுக்கே தெரியாம பறக்கிற ஒரு குண்டோட வேகத்தை மனுஷன் முதல்ல எப்படி அளந்தான்?

தேடிப் பார்த்தா, பதில் சொன்னவரோட கதை புதுச்சேரியிலேர்ந்து பஸ்ல ஒரு மணி நேரத்துல போய்ச் சேர்ற இடத்துல முடியுது. கடலூர், தேவனாம்பட்டினம்.

புதுச்சேரி, துப்பாக்கினு சொன்னா நமக்கு வ.வே.சு. ஐயரும் வாஞ்சிநாதனும் 1911-உம்தான் ஞாபகம் வரும். இது அதுக்கு 160 வருஷம் முன்னாடி நடந்த கதை.

குண்டு விழுந்த இடம் வரைக்கும் எங்க ஊர்

முதல்ல 1690-க்குப் போவோம். தேவனாம்பட்டினத்துல இருந்த கோட்டையை மராத்தியர்கள்கிட்டேர்ந்து ஆங்கிலேயக் கம்பெனி விலைக்கு வாங்குது. அதுதான் செயின்ட் டேவிட் கோட்டை. கோட்டை சரி, சுத்தி எவ்வளவு நிலம்? ஒப்பந்தத்துல இருந்த அளவுகோல் ஏக்கர் இல்ல, காணி இல்ல. பீரங்கிக் குண்டு போய் விழற தூரம்!

அப்போ சென்னை கவர்னரா இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகம் இருக்கே, அந்தப் பேர் இவரோடதுதான். இருக்கிறதிலேயே நல்ல பீரங்கியா எடுத்துச் சுடுங்கனு உத்தரவு போட்டார். அந்த செப்டம்பர் மாசம் நாலு பக்கமும் சுட்டாங்க. குண்டு விழுந்த எல்லை வரைக்கும் இருந்த கிராமங்கள் எல்லாம் கம்பெனிக்குச் சொந்தமாச்சு. கடலூரும் அதுக்குள்ள வந்துடுச்சு. "குண்டு கிராமங்கள்"ங்கிற பேரே அதுக்கு நிலைச்சுது. அங்க நாத்து நட்டுட்டு இருந்த குடும்பத்துக்கு யார் ராஜாங்கறதை அன்னிக்கு வெடிமருந்து முடிவு பண்ணிச்சு.

இங்க ஒண்ணு கவனிங்க. அந்தக் காலத்துல ஒரு பீரங்கி எவ்வளவு பலமானதுனு தெரிஞ்சுக்க ஒரே வழி, குண்டு எவ்வளவு தூரம் போச்சுனு பார்க்கிறதுதான். ஆனா தூரம் வேற, வேகம் வேற. குழாயை எந்தக் கோணத்துல தூக்கினோம், காத்து எவ்வளவு தடுத்துச்சு, எல்லாம் அந்தத் தூரத்துக்குள்ள கலந்திருக்கு. குழாய் வாயை விட்டு வெளியே வர்ற நொடியில என்ன வேகம்னு யாருக்குமே தெரியாது.

ஊசலாடும் மரக்கட்டை

பெஞ்சமின் ராபின்ஸ், 1707-ல இங்கிலாந்தின் பாத் ஊர்ல பிறந்தவர். குடும்பம் க்வேக்கர் பிரிவு. போரே கூடாதுனு சொல்ற பிரிவு அது! அந்த வீட்டுப் பையன் கணிதத்துல புகுந்து, 1742-ல பீரங்கிக் கலை பத்தி ஒரு புத்தகம் போட்டார். அதுலதான் அந்தக் கருவி வருது: ஊசல்.

ரொம்ப எளிமையான யோசனை. இரும்புல ஒரு முக்காலி. அதுலேர்ந்து ஊசல் மாதிரி தொங்குற கனமான மரப்பலகை, மொத்தம் சுமார் 25 கிலோ. அதுல சுடறாங்க. குண்டு மரத்துல பதிஞ்சு நின்னுடும், பலகை பின்னால ஆடும். எவ்வளவு ஆடிச்சுனு கீழே கட்டின ஒரு நாடா இழுபடற நீளம் காட்டிடும்.

ஸ்கூல்ல படிச்ச உந்தம் ஞாபகம் இருக்கா? குண்டுக்கிட்ட இருந்த உந்தம் அப்படியே பலகைக்குப் போகுது. ராபின்ஸ் சுட்ட குண்டு சுமார் 38 கிராம். பலகை அதைவிட 670 மடங்குக்கு மேல கனம். அதனால வேகமும் கிட்டத்தட்ட அத்தனை மடங்கு குறையும். கண்ணால பார்க்கவே முடியாத வேகம், ஒரு குழந்தை நடக்கிற வேகமா மாறிடுது. அதை அளக்க நாடா போதும், கடிகாரம்கூடப் பெருசா வேண்டாம். கணக்குப் போட்டா குண்டோட வேகம் நொடிக்கு சுமார் 1,640 அடி, அதாவது 500 மீட்டர். ஒலியைவிட வேகம்!

அதோட நிக்கல. பலகையைத் தள்ளித் தள்ளி வெச்சுச் சுட்டார். தூரம் கூடக் கூட வேகம் பயங்கரமா குறைஞ்சுது. அதுவரைக்கும் கனமான குண்டுக்குக் காத்து ஒரு பொருட்டே இல்லனு நினைச்சிருந்தாங்க. கலிலியோ சொன்ன பரவளைய வழியில போகும்னு நம்பினாங்க. அந்தக் கணக்குப்படி, 500 மீட்டர் வேகத்துல 45 டிகிரி சாய்ச்சுச் சுட்டா குண்டு 25 கிலோமீட்டர் போகணும். அதாவது புதுச்சேரி கடற்கரையில சுட்டா கடலூர்ல விழணும்! நிஜத்துல ஒண்ணு ரெண்டு கிலோமீட்டர் தாண்டினாலே பெருசு. மீதியை எல்லாம் காத்துதான் தின்னுடுச்சு.

1745-ல மாபெரும் கணித மேதை ஆய்லர் இந்தப் புத்தகத்தை ஜெர்மன்ல மொழிபெயர்த்து, விளக்கமும் எழுதினார். 1746-ல ராயல் சொசைட்டி ராபின்ஸுக்கு காப்ளி பதக்கம் கொடுத்துச்சு.

கடலூருக்கு வந்த கணிதக்காரர்

அதே 1746-ல இங்க என்ன நடக்குது? பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடிச்சிடுச்சு. கம்பெனி தலைமையகம் தேவனாம்பட்டினத்துக்கு மாறுது. புதுச்சேரியில டூப்ளே ஆட்சி. அவரோட துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை நடந்ததை எல்லாம் நாட்குறிப்புல எழுதிட்டிருக்கார். 1748-ல ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவன் பெரிய கடற்படையோட வந்து புதுச்சேரியை முற்றுகை போட்டார். பதுங்கு குழியையே மதிலுக்கு ரொம்ப தூரத்துல வெட்ட ஆரம்பிச்சாங்க. மழை வந்துச்சு, நோய் வந்துச்சு. ஆயிரத்துக்கும் மேல ஐரோப்பியர்களை இழந்து திரும்பிப் போனாங்க.

தூரம், வேகம், மதில் இதெல்லாம் குத்துமதிப்பா வெச்சுக்கிற விஷயம் இல்லனு கம்பெனிக்கு உறைச்சிருக்கணும். தன் கோட்டைகளைச் சீரமைக்க ராபின்ஸையே தலைமைப் பொறியாளரா நியமிச்சு அனுப்புது. 1750 ஜூலையில இங்க வந்து சேர்ந்தார். வந்த ரெண்டே மாசத்துல காய்ச்சல். எழுந்து மறுபடி வேலை பார்த்தார். 1751 ஜூலை 29, செயின்ட் டேவிட் கோட்டையிலேயே இறந்துட்டார். வயசு 44. கம்பெனிக்கு அறிக்கை எழுதிட்டு இருக்கும்போது, கையில பேனாவோட போனார்னு சொல்வாங்க.

ஏழு வருஷம் கழிச்சு, 1758-ல பிரெஞ்சுத் தளபதி லாலி அந்தக் கோட்டையைப் பிடிச்சு இடிச்சுத் தள்ளினார். 1761-ல ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடிச்சாங்க, பதிலுக்கு அதோட மதிலை இடிச்சாங்க. ரெண்டு கோட்டையும் மண்ணாச்சு. அளவு மட்டும் மிஞ்சிச்சு. 1783-ல அந்தப் புத்தகம் பிரெஞ்சுக்கும் போச்சு. ஆக்ஸோன் பீரங்கிப் பள்ளியில ஒரு இளம் அதிகாரி அதைப் படிச்சுக் குறிப்பெடுத்தார். அவர் பேர் நெப்போலியன்.

சரி, யார் பிஸ்டல் ஃபாஸ்ட்?

இப்போ மரக்கட்டை வேண்டாம். க்ரோனோகிராஃப்னு ஒரு சின்னக் கருவி. ரெண்டு ஒளி உணரிகள், நடுவுல தெரிஞ்ச தூரம். குண்டு முதலாவதைத் தாண்டி ரெண்டாவதைத் தாண்ட எவ்வளவு நேரம்னு எண்ணும், அவ்வளவுதான்.

ஆனா ராபின்ஸ் கத்துக் கொடுத்த ஒழுக்கம் இன்னும் வேணும். ரெண்டு பிஸ்டலுக்கும் ஒரே எடை குண்டு, கருவிக்கு ஒரே தூரம், குறைஞ்சது பத்து தடவை சுட்டு சராசரி. கார்பன் டை ஆக்சைடு மாடல்னா வெயிலும் கணக்குல வரும். 20 டிகிரியில அந்த வாயுவோட அழுத்தம் சுமார் 57 பார், 30 டிகிரியில 72. அதனால புதுச்சேரி மே மாசத்துல வர்ற எண், ஊட்டியில வராது. வேகவேகமா சுட்டா சிலிண்டர் குளிர்ந்து வேகமும் இறங்கும். பெட்டியில இருக்கிற 120, 130 எல்லாம் நல்ல நாளோட எண்.

இது வெறும் பெருமை விஷயமும் இல்ல. நம்ம நாட்டு 2016 ஆயுத விதிகள்ல ஏர் வெப்பனுக்குக் கோடு போட்டிருக்கிற இடம் 4.5 மில்லிமீட்டர் குழாய், 20 ஜூல் ஆற்றல். ஆற்றல்னா எடையில பாதி, பெருக்கல் வேகத்தோட வர்க்கம். வேகம் தெரியாம அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிக்கறோம்னே தெரியாது. நண்பனோட பிஸ்டல் 0.35 கிராம் எஃகு உருண்டையை 120-ல தள்ளினா, சுமார் இரண்டரை ஜூல். கோட்டுக்கு ரொம்பக் கீழ. ஆனா ஒரு கண்ணைப் பறிக்க அது தாராளம். கண்ணாடி போடாம யாரும் பக்கத்துல நிக்காதீங்க.

கடைசியா அளந்தோம். 120-னு போட்டிருந்தது 112 காட்டிச்சு, 130-னு போட்டிருந்தது 109. சண்டை அங்கேயே முடிஞ்சுது.

அடுத்த தடவை தேவனாம்பட்டினம் பீச்சுக்குப் போனா, ஒரு நிமிஷம் நின்னு சுத்திப் பாருங்க. குண்டு விழுந்த தூரத்தை வெச்சு ஊரைப் பிடிச்ச இடம் அது. குண்டோட வேகத்தைக் கண்டுபிடிச்ச மனுஷன் காய்ச்சல்ல போனதும் அதே இடம்தான்.