மொஹீனின் குதிரைகள்: கௌதம் சட்டோபாத்யாயும் வங்க ராக்கும்

1960களின் பிற்பகுதியில் கல்கத்தாவின் பார்க் ஸ்ட்ரீட் உணவு விடுதிகளில் ராக், புளூஸ், ஜாஸ் யாவும் ஒலித்தன. மொழி மட்டும் ஆங்கிலம். பிரசிடென்சி கல்லூரியில் உடலியல் பயின்ற கௌதம் சட்டோபாத்யாய், ஆங்கிலோ-இந்திய நண்பர்களுடன் 'தி அர்ஜ்' என்னும் குழுவில் அங்கே கித்தார் வாசித்தவர். நக்சல்பாரி இயக்கத்தின் ஈர்ப்பு அவரைச் சிறைக்குக் கொண்டுசென்றது. விடுதலைக்குப்பின் சிலகாலம் வங்கத்திற்கு வெளியே வாழ நேர்ந்தது.

திரும்பி வந்தவர் 1975இல் தம்பியர், உறவினர், நண்பர் என எழுவராய் அமைத்த குழுவே 'மொஹீனேர் கோராகுலி', அதாவது 'மொஹீனின் குதிரைகள்'. பெயர் ஜீவனானந்த தாஸின் கவிதையிலிருந்து வந்தது. இந்தியாவின் முதல் ராக் குழுக்களுள் ஒன்று என்று இதனைச் சுட்டுவது வழக்கம். அச்சிறப்பினும் முதன்மையானது, மின்கித்தாரின் அருகே பாவுல் மரபை அமர்த்தி, நகரவாழ்வை வங்கமொழியிலேயே பாடியமை. 1977 முதல் 1979 வரை ஆண்டுக்கொன்றாக மூன்று இசைத்தட்டுகள் வெளிவந்தன. ஆயினும் கேட்போர் சிலரே. 1981இல் குழு கலைந்தது. கௌதம் திரைப்படத்துறைக்குச் சென்றார். அவர் இயக்கிய 'நாக்மதி' தேசிய விருது பெற்றது.

1995இல் 'ஆபார் பொச்சோர் குரி போரே' (மீண்டும் இருபது ஆண்டுகளுக்குப்பின்) வெளிவந்தது. இளம் பாடகர்களை முன்னிறுத்திய அத்தொகுப்பில் குழுவின் பெயர் 'தொகுப்பாசிரியர்' என்ற நிலையிலேயே இடம்பெற்றது. இசையுலகில் அரிதான தன்னடக்கம் இது. இம்முறை கல்கத்தா இளைஞர்கள் அவரைக் கண்டுகொண்டனர். நான்கே ஆண்டுகளில், 1999 ஜூனில், அவர் மறைந்தார்.

அத்தொகுப்பிலுள்ள அவரது 'பிரிதிபிடா நாகி' பாடலின் மெட்டு, 2006இல் 'கேங்ஸ்டர்' என்னும் இந்திப் படத்தில் 'பீகி பீகி' ஆயிற்று. அதை முணுமுணுத்தோரில் பெரும்பாலோர் கௌதமின் பெயரைக் கேள்விப்பட்டதேயில்லை.