உரைகல்லும் சீசாவும்

எங்க அப்பத்தாவிடம் ஓர் உரைகல் இருந்தது. சுட்ட வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு. பிள்ளைக்குத் தலைக்கு ஊத்துற அன்னைக்கு, தாய்ப்பால் விட்டு ஒவ்வொன்றாக உரசி, சங்கில் வழித்துப் புகட்டுவாள். "ஒரு மாசத்துக்கு ஒரு உரசு, மூணு மாசத்துக்கு மூணு உரசு." அளவு அவள் விரலில் இருந்தது. வயிறு பொருமினால் ஓமத்தண்ணி. வசம்பின் பெயரை மட்டும் சொல்ல மாட்டாள். அது 'பேர் சொல்லாதது'. தங்கை பிறந்த சமயம் வீட்டுக்கு வந்த நர்சம்மா கல்லைப் பார்த்துவிட்டு "காட்டுமிராண்டித்தனம்" என்றார். பக்கத்து மாடத்திலேயே கிரைப் வாட்டர் சீசா இருந்தது. அதை அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த மௌனத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் வில்லியம் வுட்வர்ட் என்ற மருந்து வணிகர் தயாரித்த சரக்கு அது. சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, தண்ணீர், கூடவே 3.6 சதவீதம் சாராயம். பிள்ளைகளின் வயிற்று வலிக்குச் சதகுப்பை கொடுப்பது ஆங்கிலேயத் தாய்மார்களின் பழைய வழக்கம். நம்மூர் நாட்டு மருந்துக் கடையிலும் அது கிடைக்கும். பெண்களின் கைப்பக்குவம் 1876இல் ஓர் ஆணின் வணிக முத்திரையானது. பிறகு கப்பலேறி வந்து, நம் வீட்டு மாடத்தில் 'அறிவியல்' என்று உட்கார்ந்துகொண்டது.

இதை வைத்துப் பாட்டி வைத்தியத்துக்குக் கொடி பிடிக்க நான் தயாரில்லை. 2003இல் அமெரிக்காவில் அன்னாசிப்பூ தேநீர் குடித்த சுமார் 40 பேர் வாந்தி, வலிப்பு என்று நோயுற்றார்கள். அதில் ஏறக்குறைய 15 பேர் கைக்குழந்தைகள். நச்சுள்ள ஜப்பானிய அன்னாசிப்பூ கலந்திருக்கலாம் என்று அரசு எச்சரித்தது. வசம்பை உணவில் சேர்ப்பதை அந்நாடு 1968இலேயே தடை செய்துவிட்டது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது 2001 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆக, நர்சம்மா சொன்னதில் விஷயம் இருந்தது. சீசாவைப் பார்த்தும் அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் கல், சீசா இரண்டுக்கும் அப்பால் ஒரு கேள்வி இருக்கிறது: பிள்ளையின் அழுகையை அடக்க வேண்டிய அவசரம் யாருடையது?

'மூலதனம்' (1867) நூலில் மார்க்ஸ் ஒரு விஷயத்தைக் கவனிக்கிறார். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வராமல் இங்கிலாந்தின் ஆலைகள் முடங்கியபோது, வேலையிழந்த பெண்களுக்குப் பிள்ளைக்கு முலைகொடுக்க நேரம் கிடைத்தது. அதுவரை பிள்ளைகளைத் தூங்கவைத்தது 'காட்ஃப்ரே கார்டியல்' என்ற அபின் கலந்த பாகு. 1920களில் பம்பாய் ஆலைப் பெண்களும் பிள்ளைக்கு அபின் உருண்டை கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார்கள்.

அப்பத்தாவிடம் ஒருமுறை கேட்டேன், எதுக்கு இதெல்லாம் என்று. "நான் நடவுக்குப் போனா இது தூங்கணுமேடா" என்றாள்.

பேறுகால விடுப்பு 2017இல் 26 வாரமானது. நடவுக்குப் போகிறவளுக்கு அது எட்டவில்லை. அவளுடைய அறியாமையைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். அவளுக்கு மறுக்கப்பட்ட நேரத்தைப் பற்றி இனியாவது பேச வேண்டும்.